துபாய் வழியா, சிங்கப்பூர் வழியா? – வாசகர் கேள்விகளுக்கு ஒரு பழைய டிக்கெட்காரரின் பதில்கள்

போன இதழில் லக்கேஜ் எடையைப் பற்றி எழுதியிருந்தேன். 'எடை கிடக்கட்டும் சார், எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? அதைச் சொல்லுங்கள்' என்று ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள்தான் பெரும்பாலும். அதிலும் பாதிப் பேருக்குப் போய்ச் சேர வேண்டிய இடம் சான் பிரான்சிஸ்கோ. ஆகவே இந்த முறை முழுக்க அந்த ஊர்க் கணக்குத்தான்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் 31 வருடம் சென்னை அண்ணா சாலையில் ஒரு டிராவல் ஏஜென்சியில் டிக்கெட் போட்டவன். விமானம் ஓட்டத் தெரியாது. எங்கே ஏறி எங்கே மாறினால் கால் வீங்கும் என்பது தெரியும்.

என் மகன் சான் பிரான்சிஸ்கோ பக்கம் இருக்கிறான். ஓர் ஏஜென்ட் துபாய் வழியாகப் போகச் சொல்கிறார். இன்னொருவர் சிங்கப்பூர் வழி என்கிறார். ஒன்று மேற்கே இருக்கிறது, மற்றது கிழக்கே. இரண்டும் எப்படி ஒரே ஊருக்கு வழியாகும்? எது கிட்டே?
– கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை

அம்மா, இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகளின் குளோப் ஒன்று இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பூக்கட்டும் நூலும் ஒரு ஸ்கேலும் வேண்டும்.

நூலின் ஒரு முனையைச் சென்னையில் வைத்து அழுத்திப் பிடியுங்கள். மறு முனையைச் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோய், தொய்வு இல்லாமல் இழுங்கள். நூல் பசிபிக் கடல் மேலேயும் போகாது, அரபிக் கடல் பக்கமும் போகாது. வடக்கே ஏறும். மசூலிப்பட்டினம், ஒடிசா, பீகார் என்று போய் எவரெஸ்ட் சிகரத்தை ஏறக்குறைய உரசிக்கொண்டு இமயமலையைத் தாண்டும். அப்புறம் திபெத், மங்கோலியா, சைபீரியாவின் பைக்கால் ஏரி. அங்கிருந்து ரஷ்யாவின் கிழக்குக் கோடி, பேரிங் நீரிணைப் பக்கம், அலாஸ்காவின் ஆங்கரேஜ். அதற்கப்புறம்தான் தெற்கே இறங்கிச் சான் பிரான்சிஸ்கோ. முதல் முறை இதைச் செய்து பார்த்தபோது நானே நூலை மூன்று தடவை எடுத்து எடுத்து வைத்தேன். நம் மீனம்பாக்கத்திலிருந்து கலிபோர்னியாவுக்குக் குறுக்கு வழி எவரெஸ்ட் பக்கமாகப் போகிறது என்று யாராவது சொன்னால் நம்புவோமா?

அந்த நூலை எடுத்து ஸ்கேலில் வையுங்கள். 12 அங்குல குளோப் என்றால் ஏறக்குறைய 33.3 சென்டிமீட்டர் வரும். உலகைச் சுற்றி 40,000 கிலோமீட்டர். அந்த குளோபைச் சுற்றி அளந்தால் 96 சென்டிமீட்டர். ஆக ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 417 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள். இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே நேர்த்தூரம் சுமார் 13,900 கிலோமீட்டர். கம்ப்யூட்டரும் அதையேதான் சொல்லும். பள்ளிக்கூடத்துச் சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கிழக்கே கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே பறந்தால் 15,900 வரும். உருண்டையைத் தட்டையாக்கியதற்குக் கொடுக்கும் விலை அந்த 2,000 கிலோமீட்டர்.

சரி, அந்த நூல் வழியில் யாராவது போகிறார்களா? இல்லை. சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேர் விமானமே இப்போதைக்குக் கிடையாது. இருந்தாலும் எவரெஸ்ட் பக்கம் போகமாட்டார்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் பைலட் உடனே 10,000 அடிக்கு இறக்கியாக வேண்டும். கீழே இருக்கும் மலையே அதைவிட இரண்டு மடங்கு உயரம் என்றால் எங்கே இறக்குவது? அதனால் திபெத்தின் மேல் போக்குவரத்து எப்போதுமே குறைவு.

ஆகவே எங்கேயாவது ஒதுங்கித்தான் போக வேண்டும். இப்போது கணக்கைப் பாருங்கள். சென்னையிலிருந்து துபாய் சுமார் 2,930 கிலோமீட்டர். சிங்கப்பூரும் கிட்டத்தட்ட அதேதான், 2,925. சென்னை நடுவே உட்கார்ந்துகொண்டு இரண்டு பக்கமும் ஒரே அளவு கையை நீட்டுகிற மாதிரி. துபாயிலிருந்து சான் பிரான்சிஸ்கோ 13,040. சிங்கப்பூரிலிருந்து 13,590. ஆகமொத்தம் துபாய் வழியில் 15,970, சிங்கப்பூர் வழியில் 16,500 சொச்சம். பிராங்க்ஃபர்ட் வழியில் 16,740. ஹாங்காங் வழி ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. அதில் 14,840தான். கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் அதுதான் கிட்டே.

இரண்டு பக்கமும் வழி இருப்பதற்குக் காரணம், சென்னையும் சான் பிரான்சிஸ்கோவும் பூமியில் கிட்டத்தட்ட முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. முழு எதிர்ப்பக்கம் என்றால் 20,000 கிலோமீட்டர். அவ்வளவு இல்லை, ஆனால் அந்தப் பக்கம்தான். கோவில் குளத்துக்கு இந்தக் கரையில் நிற்கிறவன் எதிர்க்கரைக்குப் போவதற்கு வலமாகப் போனால் என்ன, இடமாகப் போனால் என்ன?

எங்கள் தொழிலில் இது ஆதியிலிருந்தே தெரிந்த விஷயம். கையால் டிக்கெட் எழுதிய காலத்தில், அதாவது 2008 மே மாதத்தோடு காகித டிக்கெட் முடிவதற்கு முன்னால், மேஜையில் ஒரு தடித்த மைலேஜ் புத்தகம் இருக்கும். எந்த இரண்டு ஊருக்கும் நடுவே எத்தனை மைல் வரைக்கும் அனுமதி என்று போட்டிருக்கும். நேர்த்தூரத்துக்கு மேலே பொதுவாக 20 சதவீதம். அதற்குள் எங்கே வேண்டுமானாலும் இறங்கி ஏறலாம், கட்டணம் அதேதான். தாண்டினால் 5 சதவீதம், 10 சதவீதம் என்று 25 வரை கூடும். செக்டர் செக்டராக, அதாவது ஏறி இறங்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாக, மைலைக் கூட்டி, பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொள்வோம். அமெரிக்க டிக்கெட் என்றால் கட்டணம் எழுதும் இடத்தில் இரண்டு எழுத்து கட்டாயம் வரும். அட்லாண்டிக் வழி என்றால் 'ஏடி', பசிபிக் வழி என்றால் 'பிஏ'. அந்த இரண்டு எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டு என் முதலாளியிடம் நான் வாங்கிய திட்டு தனிக்கதை.

இப்போது எது வசதி என்பதற்கு வருகிறேன். உங்களுக்கு வேண்டியது கிலோமீட்டர் இல்லை, மணிக்கணக்கு. வீட்டிலேயே போட ஒரு குறுக்குக் கணக்கு சொல்கிறேன். தூரத்தை 850ஆல் வகுத்து, அரை மணி கூட்டுங்கள். அரை மணி எதற்கென்றால், ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் ஏறுவதும் இறங்குவதும் மெதுவாகத்தான் நடக்கும். சென்னை–துபாய் நாலு மணி நேரம் என்று வரும், சரியாக இருக்கும். துபாய்–சான் பிரான்சிஸ்கோ 15 மணி 50 நிமிடம், அதுவும் சரியாக இருக்கும். சிங்கப்பூர்–சான் பிரான்சிஸ்கோ பதினாறரை என்று வரும். ஆனால் போகும்போது பதினைந்துக்குப் பக்கத்தில்தான் ஆகும். திரும்பும்போது பதினேழைத் தொடும். கணக்கு சொல்வது இரண்டுக்கும் நடுவில். ஏன் இந்த வித்தியாசம் என்பதை அடுத்த கேள்விக்கு ஒத்திவைக்கிறேன்.

துபாய் வழியில் இந்த ஏற்றத்தாழ்வு அவ்வளவாக இல்லை. குளோபில் நூல் வைத்துப் பார்த்தால், துபாயிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நூல் வட துருவத்தை ஒட்டிப் போவதைக் காணலாம். துபாய் 55 டிகிரி கிழக்கு, சான் பிரான்சிஸ்கோ 122 டிகிரி மேற்கு. இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட 180. நேராக மேலே ஏறி, உச்சந்தலையைத் தாண்டி, நேராகக் கீழே இறங்குகிற மாதிரி.

இவ்வளவும் சொன்ன பிறகு என் சிபாரிசு: எது கிட்டே என்று கேட்காதீர்கள். எங்கே உட்காரப் போகிறோம் என்று கேளுங்கள். இதை நான் கற்றுக்கொண்டதே ஒரு தப்பு செய்துதான். 1997இல் மன்னார்குடியிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு, கட்டணம் குறைவாக இருக்கிறதே என்று சென்னை–மும்பை, அங்கிருந்து ஓர் ஐரோப்பிய நகரம், பிறகு நியூயார்க், பிறகு சான் பிரான்சிஸ்கோ என்று போட்டுக் கொடுத்தேன். மைலேஜுக்குள் அழகாக அடங்கியது. மும்பையில் தாமதம், ஐரோப்பாவில் கனெக்‌ஷன் போய்விட்டது. 13 மணி நேரம் ஒரு நாற்காலியில், மொழி தெரியாமல், இரண்டு வாழைப்பழத்தோடு இருந்திருக்கிறார். மறுநாள் அவர் மகன் போனில் கூப்பிட்டார். கத்தவில்லை. "சார், எத்தனை மைல்னு சொன்னீங்க. எங்க அம்மா எங்க உட்கார்ந்திருப்பாங்கன்னு சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்குப் பிறகு பெரியவர்களுக்கு இரண்டு மாற்றம் உள்ள டிக்கெட் போட்டதே இல்லை.

ஆகவே உங்களுக்கு: ஒரே ஒரு இடத்தில் மாறுவது போதும். அந்த மாற்றம் அமெரிக்காவுக்கு வெளியே இருக்கட்டும். நியூயார்க்கிலோ சிகாகோவிலோ மாறினால் குடியேற்ற வரிசையில் நின்று, பெட்டியை நீங்களே எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, மறுபடியும் போட வேண்டும். 23 கிலோ பெட்டி இரண்டு. மகன் அங்கே இருக்கமாட்டான். இடைவெளி இரண்டரை மணியிலிருந்து நாலு மணிக்குள் இருக்கட்டும். ஒன்றரை மணி நேரக் கனெக்‌ஷன் இளவட்டங்களுக்கு. முழங்கால் வலி இருந்தால் சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. என் மனைவி இரண்டு முறை கூச்சப்பட்டாள், மூன்றாவது முறை அவளே கேட்டாள்.

இதில் துபாய் பொருந்தினால் துபாய், சிங்கப்பூர் பொருந்தினால் சிங்கப்பூர்.

எங்கள் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 15 மணி நேரத்தில் போனார். திரும்பி வர 17 மணி நேரம் ஆனது. பூமி சுற்றுவதால்தானே?
– சிவகாசி, ஒன்பதாம் வகுப்பு மாணவன்

தம்பி, நல்ல கேள்வி. பாதி சரி என்று மதிப்பெண் போடுகிறேன்.

விமானம் ஆகாயத்தில் நிற்கிறது, கீழே பூமி சுற்றுகிறது என்று நினைத்தால் உன் கணக்கே தலைகீழாகிவிடும். பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுற்றுகிறது. அப்படியானால் மேற்கே போகிறவனுக்குத்தான் ஊர் எதிரே ஓடி வர வேண்டும். சித்தப்பா திரும்பும்போதுதான் சீக்கிரம் வந்திருக்க வேண்டும். வைகை எக்ஸ்பிரஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது பொட்டலத்தை மேலே தூக்கிப் போட்டால் அது பின் பெட்டிக்குப் போய் விழுவதில்லை, உன் கைக்கே வருகிறது அல்லவா? காற்றும் விமானமும் அப்படித்தான், பூமியோடு சேர்ந்தே சுற்றுகின்றன.

காரணம் காற்று. 30,000 அடிக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மணிக்கு 300 கிலோமீட்டரைக்கூடத் தாண்டும். 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானத்தின் முதுகில் இது கை வைத்துத் தள்ளினால் எப்படி இருக்கும்? எதிரே வந்தால் எப்படி இருக்கும்? வெப்பமான நம் பக்கத்துக்கும் குளிர்ந்த துருவப் பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் கிளம்பும் காற்றைக் கிழக்கே திருப்பிவிடுவது பூமியின் சுழற்சி. அதற்குத்தான் அந்தப் பாதி மதிப்பெண்.

இந்தக் காற்றைக் கண்டுபிடித்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாசபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலையாளர், 1920களில் டடேனோ என்ற இடத்திலிருந்து பலூன்களை விட்டுவிட்டு அவை எங்கே அடித்துக்கொண்டு போகின்றன என்று அளந்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று 1926இல் அறிக்கையை எஸ்பெராண்டோ மொழியில் எழுதினார். எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கிய மொழி அது. பொதுவாக இருந்ததாலோ என்னவோ, யாரும் படிக்கவில்லை. 1944இல் அமெரிக்க பி-29 விமானங்கள் ஜப்பானுக்கு மேலே உயரத்தில் பறந்து, இந்தக் காற்றில் மாட்டித் திணறிய பிறகுதான் மற்றவர்களுக்கு உறைத்தது. 1952 நவம்பரில் பான் ஆம் நிறுவனம் டோக்கியோவிலிருந்து ஹொனலுலுவுக்குப் போகும்போது வேண்டுமென்றே இந்தக் காற்றில் ஏறிக்கொண்டது. 18 மணி நேரப் பயணம் பதினொன்றரை மணியில் முடிந்தது.

அதனால்தான் ஒரே விமானம் ஒரே இரண்டு ஊருக்கு நடுவே தினமும் ஒரே வழியில் போவதில்லை. காலையில் காற்று எங்கே ஓடுகிறது என்று பார்த்துத்தான் வழியை முடிவு செய்கிறார்கள். சில நாள் 500 கிலோமீட்டர் சுற்றிப் போனால் அரை மணி மிச்சமாகும். நாமும்தான் திருவிழா அன்று பைபாஸில் போகிறோம்.

டிக்கெட்டில் சென்னையில் அதிகாலை 4.00 புறப்பாடு, சான் பிரான்சிஸ்கோவில் அன்றே மதியம் 1.30 வந்து சேரும் என்று இருக்கிறது. ஒன்பதரை மணி நேரத்தில் அமெரிக்காவா? ஏமாற்றுகிறார்களா?
– திருநெல்வேலி வாசகர்

இல்லை சார். இரண்டும் அந்தந்த ஊர் நேரம். கோடையில் சான் பிரான்சிஸ்கோ நம்மைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. குளிர்காலத்தில் பதின்மூன்றரை, ஏனென்றால் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள். ஒன்பதரையோடு பன்னிரண்டரையைக் கூட்டுங்கள், 22 மணி நேரம். துபாய் வரை நாலு மணி 20 நிமிடம், அங்கே இரண்டு மணி நேரம், மீதி 15 மணி 40 நிமிடம். சரியாக வருகிறதா?

சிங்கப்பூர் வழியில் இதைவிட வேடிக்கை. அங்கே காலை ஒன்பதே காலுக்குக் கிளம்பினால், அதே தேதியில் காலை ஒன்பதுக்கு முன்பே சான் பிரான்சிஸ்கோவில் இறங்கும் நாட்களும் உண்டு. கிளம்புவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்த மாதிரி. மீசைக்கார வாடிக்கையாளர் ஒருவர் இந்த டிக்கெட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்து, "தம்பி, தேதியைத் திருத்திக் கொடு" என்றார்.

நான் செவ்வாய்க்கிழமை விரதம் இருப்பவள். மகள் போட்ட டிக்கெட்டில் சான் பிரான்சிஸ்கோவில் திங்கள் இரவு 11 மணிக்குக் கிளம்பி, சிங்கப்பூரில் புதன் காலை 7 மணிக்கு இறங்குகிறேன். செவ்வாய் எங்கே போயிற்று?
– பழனி வாசகி

பசிபிக் கடலில் போயிற்று அம்மா. கடலின் நடுவே சர்வதேசத் தேதிக்கோடு இருக்கிறது. மேற்கே போகும்போது அதைத் தாண்டினால் தேதி ஒரு நாள் முன்னே தாவிவிடும். நீங்கள் பறப்பது ஏறக்குறைய 17 மணி நேரம்தான். ஆனால் நீங்களும் இரவோடு சேர்ந்து மேற்கே ஓடுகிறீர்கள். விமானத்துக்குக் கீழே இருக்கும் இடத்தின் நேரப்படி, செவ்வாய்க்கிழமை நடு இரவில் பிறந்து, ஓரிரு மணி நேரத்திலேயே கோடு வந்து புதனாகிவிடும். செவ்வாயின் வெளிச்சத்தையே பார்க்கமாட்டீர்கள்.

விரதம் இருந்ததாக ஆகுமா, ஆகாதா என்பது என் கவுன்டரில் இல்லை. ஆனால் போகும்போது இதே வழியில் கிழக்கே போயிருந்தால் ஒரு கிழமை இரண்டு முறை வந்திருக்கும். முருகன் கணக்கில் சமமாகிவிடும் என்று நினைக்கிறேன்.

உலகத்திலேயே நீளமான விமானப் பயணம் எது? எங்களைப் போன்றவர்கள் போகலாமா?
– காரைக்குடி வாசகர்

சிங்கப்பூர்–நியூயார்க். ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு 15,349 கிலோமீட்டர். 19 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பக்கத்தில் இருக்கும் நெவார்க்குக்கும் ஒரு விமானம் உண்டு, அது ஐந்தே கிலோமீட்டர் குறைவு.

2004இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்காரர்கள் நெவார்க்குக்குத்தான் முதலில் தொடங்கினார்கள். நாலு இன்ஜின் விமானம், எரிபொருளைக் குடித்தது. 2013இல் நிறுத்திவிட்டார்கள். இரண்டு இன்ஜின் ஏர்பஸ் ஏ350 வந்த பிறகு 2018 அக்டோபரில் மறுபடி ஆரம்பித்தார்கள். கென்னடிக்கு 2020 நவம்பரில். இந்த விமானத்துக்கென்றே 1,65,000 லிட்டர் பிடிக்கும்படி டேங்க்கை மாற்றியிருக்கிறார்கள்.

இவ்வளவு தூரத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் வேண்டும். கடைசி மணி நேரத்துக்கான எரிபொருளைப் பதினெட்டு மணி நேரம் தூக்கிக்கொண்டு பறக்க வேண்டும். அதனால் ஆளைக் குறைக்கிறார்கள். அந்த விமானத்தில் 161 சீட்தான். பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதா எகானமி இல்லவே இல்லை. காரைக்குடிக்காரர் தாராளமாகப் போகலாம், விலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நானாக இருந்தால் நடுவே எங்கேயாவது இறங்கி, கால் நீட்டி, ஒரு காபி குடித்துவிட்டுப் போவேன்.

ஹெல்சின்கியில் இருக்கும் என் மருமகன் டோக்கியோவுக்கு முன்பெல்லாம் ஒன்பதரை மணி நேரத்தில் போவாராம். இப்போது 13 மணி நேரமாம். ஊர் நகர்ந்துவிட்டதா?
– கோவை வாசகர்

ஊர் அப்படியேதான் இருக்கிறது, வானத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வழி மூடப்பட்டது. நேர் வழி ரஷ்யாவின் மேல் என்பதால் பின்லாந்துக்காரர்கள் வட துருவத்தையே சுற்றிப் போக ஆரம்பித்தார்கள். பயணிகளுக்குத் துருவத்தைத் தாண்டியதற்கு ஒரு சான்றிதழும் ஸ்டிக்கரும் கொடுத்தார்கள். மூன்றரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்ததற்கு ஒரு ஸ்டிக்கர்!

நமக்கும் இந்தச் சங்கதி உண்டு. 2025 ஏப்ரலிலிருந்து பாகிஸ்தான் வான்வழி இந்திய நிறுவனங்களுக்கு மூடப்பட்டதில், டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்களுக்கு நேரம் கூடியது. நம்மைப் போலச் சென்னையிலிருந்து துபாய் போகிறவர்களுக்கு அது வழியிலேயே இல்லை. அப்புறம், 2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிளம்பிய ஒரு விமானம் இன்ஜின் கோளாறால் மகதானில் இறங்கியது நினைவிருக்கிறதா? ரஷ்யாவின் கிழக்குக் கோடி ஊர். 'அமெரிக்கா போகிற விமானம் அங்கே ஏன் போனது?' என்று அன்று என்னிடம் நாலு பேர் கேட்டார்கள். நூல் வைத்துப் பார்த்திருந்தால் கேட்டிருக்கமாட்டார்கள்.

முதல் கேள்வி கேட்ட அதே கும்பகோணம் ஆசிரியை, கடிதத்தின் பின்பக்கத்தில்: 'அதிகாலை 4 மணி விமானத்துக்கு வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?'

இதைத்தான் அம்மா முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். விமான நிலையத்தில் நடு இரவு 12.30க்கு இருக்க வேண்டும், மூன்றரை மணி நேரம் முன்னால். கும்பகோணத்திலிருந்து சென்னை 300 கிலோமீட்டர் சொச்சம். காரில் ஆறு மணி நேரம் பிடிக்கும், வழியில் டிராஃபிக் மாட்டினால் ஏழு. அதே ஆறு மணி நேரத்தில் விமானம் 5,000 கிலோமீட்டர் போய்விடும். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு ஐந்தரைக்குக் கிளம்பினால் போதும் என்று உங்கள் மருமகள் சொல்வார். கேட்காதீர்கள். காலையிலேயே ரயிலைப் பிடித்துத் தாம்பரத்தில் இறங்கி, தெரிந்தவர் வீடு எதுவாக இருந்தாலும் மதியம் சாப்பிட்டு ஒரு தூக்கம் போடுங்கள். அங்கிருந்து மீனம்பாக்கம் பக்கம்தான். பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டவர்கள் நிறையப் பேர்.